பாதத்துக்கும் வேலை வேண்டும்

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய வாரம் செருப்புக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. நான்கு வயதுக் குழந்தைக்குக் கறுப்பு ஷூவை மாட்டிவிட்டு, அதன் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் கடைக்காரர், "அடுத்த வருஷத்துக்கும் வரும்" என்று சொன்னதும் பெற்றோர் நிம்மதியாகப் பணத்தைக் கட்டிவிட்டுப் புறப்படுகிறார்கள். நிறம் பள்ளி கேட்டபடி இருக்கிறதா, விலை கட்டுப்படியாகுமா, ஓராண்டு உழைக்குமா என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த ஷூவுக்குள் விரல்கள் விரிய இடமிருக்கிறதா, நடக்கும்போது அதன் அடிப்பாகம் வளைகிறதா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அந்தப் பிஞ்சுப் பாதம் அதற்குள் அடைபட்டுக் கிடக்கப்போகிறது என்பதையெல்லாம் கேட்பவர்கள் குறைவு. எங்கள் வீட்டில் மகளின் பள்ளி ஷூ, எனது குதிகால் வலி, அப்பாவின் சர்க்கரை நோய் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இந்தக் கேள்விகளை எழுப்பின. விடை தேடிப் படித்ததையும், மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டறிந்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. உடலின் 206 எலும்புகளில் 52, அதாவது நான்கில் ஒரு பங்கு, இரண்டு பாதங்களில்தான் உள்ளன. இத்தனை சிறு எலும்புகளையும் வளைவாகச் சேர்த்து நிறுத்தும் பொறுப்பை, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்களும், கெண்டைக்காலிலிருந்து இறங்கிவரும் நீண்ட தசைகளும், உள்ளங்காலுக்குள்ளேயே நான்கு அடுக்குகளாக அமைந்திருக்கும் சிறு தசைகளும் பகிர்ந்துகொள்கின்றன. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒருவரை வெறுங்காலுடன் நிற்கச் சொல்லி, அவருடைய காலின் பெருவிரலை மட்டும் உங்கள் கையால் மெல்ல மேலே தூக்குங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பாதத்தின் உட்பக்க வளைவு கண்ணெதிரே உயரும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓடும் உறுதியான சவ்வுப் பட்டை, பெருவிரல் மேலே மடங்கும்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றிக்கொள்வதுபோல விரலின் அடிமூட்டைச் சுற்றி இழுபடுகிறது. அதனால் குதிகாலும் விரல்களின் அடியும் சற்றே நெருங்க, வளைவு எழும்பிப் பாதம் விறைப்படைகிறது. ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954இல் விளக்கிய இந்தச் செயல்பாடு, நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் குதிகால் தரையை விட்டு எழும் கணத்தில் நடக்கிறது.

பெருவிரல் தடையின்றி மடங்கினால்தான் இது ஒழுங்காக நடக்கும். அடிப்பாகம் பலகைபோல் விறைத்திருக்கும் ஷூவில் அதற்கு வழியில்லை. ஓட்டத்துக்கென்று விற்கப்படும் ஷூக்களில் பலவற்றின் முன்பகுதி தரையிலிருந்து மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவு கூடக் கூட, நடக்கும்போது விரல் மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைகள் செய்ய வேண்டிய வேலை குறைகிறது என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நடக்க இதமாக இருப்பதன் காரணமும் அதுதான். ஆனால் வேலை குறைந்த தசை வலுவாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முன்பகுதி கூம்பிய ஷூவின் பாதிப்போ வெளிப்படையாகவே தெரியும்: பெருவிரல் மற்ற விரல்களின் பக்கமாகச் சாய, அதன் அடிமூட்டு வெளியே புடைத்துக்கொள்கிறது. ஹாங்காங்கில் சிம்-ஃபூக், ஹாட்சன் ஆகிய இருவரும் 1958இல் வெளியிட்ட ஆய்வில், ஷூ அணிந்து பழகியவர்களில் 33 சதவீதத்தினருக்கு இந்தச் சாய்வு இருந்தது. காலணியே அணியாதவர்களிடம் அது 1.9 சதவீதம் மட்டுமே.

குழந்தையின் பாதம் பெரியவர்களின் பாதத்தைச் சிறிதாக்கியது அன்று. பிறக்கும்போது அதன் பெரும்பகுதி குருத்தெலும்பு. வளைவின் உச்சியில் உட்காரும் படகு வடிவ எலும்பு, எலும்பாக மாறத் தொடங்கவே ஏறத்தாழ மூன்று வயது ஆகிறது. உள்ளங்காலில் கொழுப்புத் திண்டும் இருப்பதால் நடை பழகும் குழந்தைகள் எல்லோருக்குமே பாதம் தட்டையாகத்தான் தெரியும். வளைவு தெளிவாக உருவாவது அதன் பிறகு, முதல் பத்து ஆண்டுகளுக்குள். துல்லியமாக அந்த வயதில்தான் நாம் அதை எல்.கே.ஜி. ஷூவுக்குள் வைக்கிறோம்.

இது குறித்து நம் தென்னிந்தியாவில் நடந்த ஆய்வு ஒன்று உலகெங்கும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது என்பதை அறிந்தபோது எனக்குப் பெருமையாகவும், அது நம் பள்ளிகளின் வாசலைக்கூட எட்டவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது. மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற எலும்பு மருத்துவர்கள், 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்து ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்கும், அணியாத குழந்தைகளில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. காலணி அணிந்தவர்களுக்குள்ளேயே, விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடம் அது அதிகமாகவும், சாண்டல்ஸும் செருப்பும் போட்டவர்களிடம் குறைவாகவும் இருந்தது. மூட்டுகள் இயல்பிலேயே நெகிழ்வாக இருக்கும் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. பெஞ்சமின் ஜோசப்பும் சச்சிதானந்தமும் 1995இல் வளர்ந்தவர்கள் 1,846 பேரிடம் மீண்டும் பார்த்தார்கள். 16 வயதுக்குப் பிறகே ஷூ போடத் தொடங்கியவர்களிடம், சிறுவயதிலேயே தொடங்கியவர்களைக் காட்டிலும் தட்டைப்பாதம் குறைவாக இருந்தது.

இந்த எண்களை அளவோடு பொருள்கொள்ள வேண்டும். இவை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒருமுறை மட்டும் எடுத்த கணக்கெடுப்புகள். ஒரே மாதிரியான குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஷூ கொடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த சோதனைகள் அல்ல. மேலும், தட்டைப்பாதம் என்றாலே நோய் என்பதும் சரியன்று. வலியில்லாமல், குதிகாலை உயர்த்தி நிற்கும்போது வளைவு தோன்றுமானால், அந்தப் பாதத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டியதில்லை. வலி இருந்தாலோ, நின்றாலும் உட்கார்ந்தாலும் பாதம் விறைத்தே இருந்தாலோ, ஒரு பாதம் மட்டும் தட்டையாக இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாத காரணத்தால் எத்தனையோ பெற்றோர் பயந்துபோய், வளைவைத் தூக்கிப் பிடிக்கும் விலையுயர்ந்த ஷூக்களையும், ஷூவுக்குள் அடியில் வைக்கும் இன்சோல்களையும் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் வெங்கர் தலைமையிலான குழு, நெகிழ்வான தட்டைப்பாதம் உள்ள குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குச் சிறப்பு ஷூவும் இன்சோலும் கொடுத்து, சிலருக்குச் சிகிச்சை எதுவும் கொடுக்காமல் மூன்று ஆண்டுகள் பார்த்து 1989இல் முடிவை வெளியிட்டது. எல்லாக் குழந்தைகளின் வளைவும் வளர்ச்சியோடு சேர்ந்து மேம்பட்டது. சிறப்பு ஷூ அதற்குக் கூடுதலாக எதையும் செய்யவில்லை.

சரி, பள்ளிக்கு ஷூ கட்டாயம் என்றால் என்ன செய்வது? நான் கடைக்குப் போகும் முன் மகளை ஒரு வெள்ளைத்தாளின் மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்துகொள்கிறேன். உட்கார்ந்த நிலையில் வரையக்கூடாது. எடை இறங்கும்போதுதான் பாதம் அதன் முழு அகலத்துக்கு விரிகிறது. வரைந்த கோட்டின் வழியே தாளைக் கத்தரித்துக் கடைக்குக் கொண்டுபோய், ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து, அதன்மேல் தாளை வைத்துப் பார்ப்பேன். முதன்முறை அப்படிச் செய்தபோது கடைக்காரரும் குனிந்து பார்த்தார். கடையில் "சரியான அளவு" என்று கொடுக்கப்பட்ட ஷூவின் இன்சோலுக்கு வெளியே, சுண்டுவிரல் முழுவதும், அதற்கடுத்த விரலில் பாதியும் நின்றன. நீளம் சரியாகவே இருந்தது. அகலத்தில்தான் அத்தனை குறைவு. குழந்தைக்கு அது இறுக்கமாகத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வயதுப் பாதம் எப்படி அழுத்தினாலும் அப்படியே மடங்கிக் கொடுக்கும். "வலிக்குதா கண்ணா?" என்று கேட்டு, குழந்தை இல்லையென்று தலையசைத்ததும் விட்டுவிடுவது இதனால்தான் போதாது. நீளத்தில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு இடம், விரல்கள் விரிந்து நிற்க அகலம், கையால் முறுக்கினால் முறுகி வளைத்தால் வளையும் அடிப்பாகம், உயரமில்லாத குதி, காலைவிட்டுக் கழலாமல் பிடிக்கும் வார் அல்லது லேஸ் ஆகியவை இருந்தால் விலை குறைந்த ஷூவே போதும். வளரும் பாதத்துக்கு ஓராண்டு என்பது நீண்ட காலம். பள்ளிப் பருவத்தின் தொடக்கத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை தாளை மீண்டும் விரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் இந்த வெயிலில் சாக்ஸும் மூடிய ஷூவுமாகக் காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை இருக்க வேண்டிய தேவை என்ன என்பதை யாராவது பள்ளிகளிடம் கேட்கத்தான் வேண்டும். குளிர்நாட்டில் பாதத்தைச் சூடாக வைத்துக்கொள்ள வந்த வழக்கத்தைச் சென்னையின் புழுக்கத்தில் ஒழுக்கத்தின் அடையாளமாக ஆக்கிவைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் நனைந்த சாக்ஸோடு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் விரலிடுக்குகளில் சேற்றுப்புண் வருவதில் வியப்பில்லை. பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்டது இவ்வளவுதான்: தொடக்க வகுப்புகளுக்குப் பின்வார் உள்ள சாண்டல்ஸை அனுமதியுங்கள், வகுப்பறை வாசலில் ஷூவைக் கழற்றிவைக்க விடுங்கள். வீட்டுக்குள் செருப்போடு நுழையாத பண்பாடு நம்முடையது. பிள்ளைகளுக்கு அது புதிதன்று.

அதற்காக எங்கும் வெறுங்காலோடு அலையவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மலம் கலந்த மண்ணில் வளர்ந்து, பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவதால் இரத்தசோகை வருகிறது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களில் ஒரு சாதாரண ரப்பர் செருப்பு எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. வீட்டுத் தரை, மொட்டைமாடி, கழுவிய முற்றம், கண்ணாடித்துண்டு இல்லாத மணல், புல்தரை ஆகியவற்றில் குழந்தை வெறுங்காலோடு ஓடட்டும். தெருவிலும் சாக்கடையோரத்திலும் செருப்பு வேண்டும். கென்யாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த அளவீடுகளைக் கொண்டு 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, வெறுங்காலில் நடப்பவர்களின் உள்ளங்கால் தோல் தடித்திருந்தாலும் அவர்களுடைய தொடுவுணர்வு அதனால் குறைவதில்லை என்று காட்டியது. தடித்த திண்டுபோன்ற ஷூ அடிப்பாகம் அப்படியன்று. பாதத்தைக் காக்கும் அதே வேளையில், தரையைப் பற்றிப் பாதம் மூளைக்குச் சொல்லும் செய்தியையும் மங்கச் செய்துவிடுகிறது.

இனி என் குதிகால் வலிக்கு வருகிறேன். நின்றுகொண்டே பாடம் நடத்தும் வேலை எனக்கு. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அடித்ததுபோல் வலிக்கும். சில அடிகள் நடந்ததும் குறையும். மாலையில் திரும்ப வரும். மென்மையான செருப்புக்கு மாறியதும் வலி தாங்கக்கூடியதாக ஆனது, ஆனால் போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சி, டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் 2014 வாக்கில் சோதித்து வெளியிட்ட முறை. ஒரு துண்டைச் சுருட்டி மாடிப்படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அந்தச் சுருளின்மேல் மேல்நோக்கி மடங்கியிருக்கும்படி பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றிக்கொண்டு, ஒற்றைக்காலில் மூன்று விநாடி எழும்பி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும். மூன்று மாத முடிவில், உள்ளங்காலை இழுத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. விரலுக்கடியில் துண்டு எதற்கு என்பது முன்னே சொன்ன சவ்வுப் பட்டையின் செயலை அறிந்தால் விளங்கும். விரல் மடங்கிய நிலையில்தான் அதற்கு முழுப் பளு கிடைக்கிறது. எனக்கு இந்தப் பயிற்சி கைகொடுத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் இரண்டு காலிலும் தொடங்கி, வலி கூடாத அளவில் ஒற்றைக்காலுக்கு மாறினேன்.

அதன் பிறகே மெல்லிய, வளையும் அடிப்பாகமும் அகன்ற முன்பகுதியும் கொண்ட செருப்புக்கு மாறினேன். லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக எந்தப் பயிற்சியும் இல்லாமல், இத்தகைய எளிய காலணியை அன்றாடம் ஆறு மாதம் அணிந்தவர்களின் விரல் மடக்கும் வலிமை சராசரியாக 57 சதவீதம் உயர்ந்திருந்தது. இதைப் படித்துவிட்டு நாளையே பழைய ஷூவைத் தூக்கிப்போட்டு ஓடக் கிளம்பிவிடக்கூடாது. அமெரிக்காவில் 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்குப் பத்து வாரங்களில் மாறிய 19 ஓட்டக்காரர்களில் 10 பேருக்குப் பாத எலும்புகளுக்குள் வீக்கம் கூடியிருந்ததை ஸ்கேன் காட்டியது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். எலும்புக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலில் நடப்பவர்களிலும் இதைக் காணலாம். வயற்காட்டில் நடந்து பழகிய கால்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஆண்டு முழுவதும் ஷூவுக்குள் இருந்த கால்கள் இரண்டாம் நாளே கொப்புளத்தோடு பந்தலில் உட்கார்ந்துவிடுகின்றன. மாலை போட்ட நாள் தொட்டே கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகுவது பக்திக்குக் குறைவாகாது. ஹை ஹீல்ஸ் போட்டுப் பழகியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீண்டகாலம் அவற்றை அணிந்த பெண்களின் கெண்டைக்கால் தசை இழைகள் குறுகியும், குதிகால் தசைநாண் விறைத்தும் இருந்ததை 2010இல் ஓர் ஆய்வு கண்டது; அவர்கள் ஒரே நாளில் தட்டையான செருப்புக்கு இறங்கினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். படிப்படியாக உயரத்தைக் குறைப்பதே முறை.

இதுவரை சொன்னவை உணர்வு நன்றாக இருக்கும் பாதங்களுக்கு உரியவை. சர்க்கரை நோயால் உணர்வு குறைந்துபோன அப்பாவின் பாதம் அப்படிப்பட்டதன்று. ஒரு நாள் மாலை அவர் செருப்பைக் கழற்றியபோது, உள்ளே மிளகு அளவில் ஒரு கல் இருந்தது. அதன் தடம் உள்ளங்காலில் குழியாகப் பதிந்து சிவந்திருந்தது. காலையிலிருந்து அதன்மேல் நடந்திருக்கிறார், தெரியவில்லை. மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களைத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவர் "தெரியுது" என்று சொன்ன இடங்களைவிட, பேசாமல் இருந்த இடங்களே அதிகம். இத்தகைய பாதத்துக்கு வெறுங்கால் நடை வலிமை தராது, புண்ணைத்தான் தரும்.

இதை உலகுக்கு விளக்கியது வேலூர் மண்தான். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களுக்குச் சிகிச்சை செய்தார். நோயால் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், வலி தெரியாத காரணத்தால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணாகிப் பாதத்தை அழிக்கிறது என்பதை அவரும் அவருடைய குழுவினரும் நிறுவினார்கள். மருந்தோடு செருப்பும் சிகிச்சையாக ஆனது அப்போதுதான். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் நடந்த பணிகளின் வழியாக நுண்ணறை ரப்பர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) பதித்த எம்.சி.ஆர். செருப்பு நாடெங்கும் பரவியது. பின்னாளில் அதே செருப்பு சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது. அப்பாவுக்கு அளவெடுத்துச் செய்துதந்தவர் அதன் அமைப்பை விளக்கினார். மேலே கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே நிமிரும் மென்மையான ரப்பர். கீழே முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்த இணைப்பு. விரலிடுக்கில் பிடிக்கும் வார் கிடையாது. செருப்பு கழன்று போனாலும் காலுக்குத் தெரியாது என்பதால் பின்வார் கட்டாயம். எங்கள் வீட்டில் மகளுக்கு வேண்டாம் என்று நான் தேடித் தவிர்க்கும் மெத்தை, அப்பாவுக்கு உயிர்காக்கும் பொருளாக இருக்கிறது.

கோயில் மட்டும் கொஞ்சம் சிக்கல். சித்திரை, வைகாசி மதியத்தில் பிரகாரத்துக் கருங்கல் எப்படிக் கொதிக்கும் என்பது தெரிந்ததே. உணர்வில்லாத பாதம் துள்ளி விலகாது, கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அப்பா இப்போது விடியற்காலை தரிசனத்துக்கே போகிறார், தடித்த பருத்திச் சாக்ஸோடு. இரவு படுக்கும் முன் பிளாஸ்டிக் சட்டமிட்ட கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கிறார். பார்வை மங்கலான நாளில் நான் பார்க்கிறேன். செருப்பைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுவது பழக்கமாகிவிட்டது. புதிய ஜோடி வாங்குவதென்றால், பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து, முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் வீட்டுக்குள் நடந்து, கழற்றியதும் சிவந்த இடம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டுமே மறுநாள் நேரத்தைக் கூட்டுகிறார். சிவப்பு மறையாமல் நின்றால், அந்தச் செருப்பைச் செய்தவரிடமே திருப்பிக் கொடுத்து அந்த இடத்தைத் தளர்த்தித் தரச் சொல்கிறோம்.